குறைமாதக் குழந்தைக்குத் தன் அம்மாவைத் தெரியுமா?

உங்கள் மகள் 30ஆவது வாரத்தில் சிசேரியனில் பிறந்திருக்கிறாள். 19 நாட்களாக என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். எடை 1,280 கிராம். மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் சீபாப் கருவியை எடுத்தாகிவிட்டது, ட்யூப் வழியாகப் பால் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, மூளை வளர்ச்சிக்கு மசாஜ் செய்யலாமா, பாட்டுப் போடலாமா, கறுப்பு வெள்ளைப் படம் காட்டலாமா, வீட்டுக்கு வந்ததும் பாட்டி சொல்கிறபடி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "அவளைப் பார்த்தால் பாசம் வருவதற்குப் பதில் பயம்தான் வருகிறது, அவளுக்கு நான் யாரென்றே தெரியாமல் போய்விடுமோ." நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் இது.

நான் பல வருடங்களாக இந்த மாதிரிப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இப்போது புதிதாக வருகிற செவிலியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அவளுடைய தலை ஸ்கேன், மூச்சின் நிலை, தொற்று ஏதும் இருந்ததா என்பதெல்லாம் அவளைக் கவனிக்கிற மருத்துவருக்குத்தான் தெரியும். நான் சொல்வதில் எது அவளுக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

பிறந்த சில மணி நேரத்துக்குள் தாயும் குழந்தையும் சேர்ந்திருக்காவிட்டால் பந்தமே சரியாக அமையாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1972இல் அமெரிக்காவில் க்ளாஸ், கென்னல் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்தமே 28 தாய்மார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முதல் மூன்று நாட்களில் குழந்தையோடு கூடுதலாக 16 மணி நேரம் கொடுத்தார்கள். பிறகு பார்த்தபோது அவர்கள் குழந்தையிடம் கூடுதல் நெருக்கம் காட்டினார்கள். அந்த ஆய்வால் பெரிய நன்மை நடந்தது. பெற்றோரை வெளியே நிறுத்தி வைத்த ஆஸ்பத்திரிகள் கதவைத் திறக்க ஆரம்பித்தன. ஆனால் "அந்த முதல் சில மணி நேரம் போனால் போனதுதான்" என்ற பகுதி பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. அதை எழுதியவர்களே பிற்பாடு அந்தக் கருத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். குழந்தைக்கு ஒருவர் மேல் உறுதியான பிடிப்பு வருவது முதல் வருடத்தின் பின்பாதியில்தான். தினமும் தூக்குவது, பால் கொடுப்பது, அழுதால் வருவது என்று மாதக்கணக்கில் சேர்ந்து அது உருவாகிறது. தத்தெடுத்த வீடுகளைப் பாருங்கள், பல மாதம் கழித்து வந்த குழந்தைகூட அந்த அம்மாவை விட்டு இறங்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலும் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே பெற்றோரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். 19 நாட்களில் நீங்கள் எதையும் நிரந்தரமாக இழந்துவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு உங்களை ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். கருவில் சுமார் 25 வாரத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடும். அப்படியென்றால் பிறப்பதற்கு முன் ஐந்து வாரமாவது உங்கள் குரலை உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே மற்றப் பெண்களின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாசனையும் அப்படித்தான். ஒரு வாரக் குழந்தைக்குத் தன் தாயின் பால் வாசனையைப் பிரித்தறிய முடியும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இது எந்த அளவுக்கு வரும் என்பதில் அதே அளவு உறுதியாகப் பேச முடியாது. ஆனால் அம்மா பேசும்போது மானிட்டரில் இதயத் துடிப்பு மெல்ல இறங்கி நிதானமாவதை என்னைப் போன்றவர்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

பயம் வருகிறது என்றீர்களே, அது பாசம் இல்லாததன் அடையாளம் இல்லை. கையளவு குழந்தை, உடம்பெல்லாம் வயர், திடீர் திடீரென்று அலாரம் அடிக்கிறது, நமக்கோ வயிற்றில் தையல் இன்னும் வலிக்கிறது. இதில் உடனே தாய்மை பொங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அநியாயம். எங்கள் பிரிவுக்கு வருகிற அம்மாக்களில் நிறையப் பேர் முதல் வாரம் குழந்தையைப் பார்க்காமல் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போவார்கள். நான் பார்த்தவரை அந்தப் பயம் ஆறுதல் வார்த்தையால் போவதில்லை, குழந்தையைத் தொடத் தொடத்தான் போகிறது. ஆனால் அழுகை நிற்காமல் வருவது, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் பற்றில்லாமல் போவது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு அது அதிகம் வருகிறது. அப்பாக்களுக்கும் வரும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. உங்களை நீங்களே முடித்துக்கொள்ளலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்றோ ஒரு நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

சரி, இப்போது அவளுக்காக என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நீங்கள் கேட்ட பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றிலும் பெரியது: கங்காரு பராமரிப்பு. குழந்தையை உங்கள் வெறும் மார்பில், தோலோடு தோல் ஒட்ட நிமிர்த்தி வைத்துக்கொள்வது. கேட்பதற்கு அன்பு காட்டும் முறை மாதிரித் தெரியும், ஆனால் இது ஒரு சிகிச்சை. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கார் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் இதைத் தொடங்கினார். அவருடைய ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகள் படுத்திருந்தார்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்று பரவியது, பெற்றோர் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளும் இருந்தார்கள். அம்மாவின் உடம்பையே இன்குபேட்டராக்கிப் பார்த்தார். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் உலகம் அதை வெகுகாலம் நினைத்தது.

அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என்று ஐந்து நாடுகளில் நடத்தியது. நம் நாட்டில் அது நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் வார்மரிலும் இன்குபேட்டரிலும் வைத்து, நிலைமை சீரான பிறகு கங்காரு பராமரிப்பு. மறு பாதிக்குப் பிறந்த உடனேயே, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, அம்மாவின் மார்பில். அந்தக் குழந்தைகள் ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம் அப்படி இருந்தார்கள். வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் 100க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. மார்பில் இருந்தவர்களில் அது 12. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு 2022இல், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கங்காரு பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தானாக மூச்சு விட முடியாத குழந்தைகளும் ரத்த ஓட்டம் குறைந்து 'ஷாக்' என்கிற நிலையில் இருப்பவர்களும் மட்டும் முதலில் தேற வேண்டும். உங்கள் மகள் சீபாப்பையே தாண்டி வந்துவிட்டாள்.

இதில் எது உறுதி, எது இன்னும் கேள்விக்குறி என்று பிரித்துச் சொல்கிறேன். உயிர் பிழைப்பது, உடம்புச் சூடு குறையாமல் இருப்பது, தொற்று குறைவது, தாய்ப்பால் அதிகம் கிடைப்பது, இந்த நான்கும் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியானவை. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது அம்மாவின் மார்பில் இருந்தால் வலி குறைகிறது என்பதும் அப்படித்தான். மூளை வளர்ச்சிக்கு நல்லதா என்றால் பதில் அவ்வளவு நேராக இல்லை. பொகோட்டாவில் அப்படி வளர்ந்த குழந்தைகளை 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, பள்ளிக்கு வராமல் நிற்பதும் துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் அவர்களிடம் குறைவாக இருந்தன. ஆனால் ஹரியானாவில் வீடுகளில் கங்காரு பராமரிப்பு பெற்ற, உங்கள் மகளைவிடப் பெரிய குழந்தைகளை ஒரு வயதில் சோதித்தபோது வளர்ச்சியில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் கூடுதலான பேர் உயிர் பிழைத்தார்கள், அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. எனவே "இது செய்தால் அறிவாளியாக வருவாள்" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அதைச் சொல்லாமலே இதைச் செய்யப் போதுமான காரணம் இருக்கிறது.

உங்கள் பிரிவில் இதுவரை யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "நான் எப்போதிலிருந்து கங்காரு பராமரிப்பு கொடுக்கலாம்? இப்போது வேண்டாமென்றால் என்ன காரணம்?" இரண்டாவது கேள்வி முக்கியம். சில நேரம் உண்மையான காரணம் இருக்கும், மூச்சு நின்று நின்று வரும், தொப்புள் வழியாகக் குழாய் இருக்கும். சில நேரம் நாற்காலி இல்லை, திரை இல்லை, தொற்று வந்துவிடும் என்ற பழைய பயம், அவ்வளவுதான். அம்மா கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வருவதால் தொற்று கூடுவதில்லை. மத்திய சுகாதார அமைச்சகமே 2017இல், பெற்றோரை உள்ளே சேர்த்துக்கொண்டு குழந்தையைப் பராமரிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. தாயும் சேயும் ஒரே அறையில் இருக்கும்படியான பிரிவுகளும் அரசு மருத்துவமனைகளில் வந்துகொண்டிருக்கின்றன. சண்டை போடுகிற தொனியில் கேட்காதீர்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். பகல் டியூட்டி சிஸ்டர் முடியாது என்றால் மதிய டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள். எங்களில் யாராவது ஒருவர் உங்களுக்காகப் பேசுவோம்.

செய்யும் முறை சுலபம். முன்பக்கம் திறக்கிற நைட்டியோ சட்டையோ போடுங்கள். செயின், வளையல், மோதிரம் வேண்டாம். தாலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கயிறு குழந்தையின் கழுத்துப் பக்கம் வராதபடி வைத்தால் போதும், கழற்ற மனமில்லாதவர்களை நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை. பவுடர், சென்ட் வேண்டாம். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்த நிலையில் உட்காருங்கள். குழந்தைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை நெஞ்சில் மடியாமல் லேசாக மேலே இருக்கும்படி, கைகால் தவளை மாதிரி மடங்கி இருக்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். மேலே ஒரு துணியால் சுற்றிக் கட்டுவார்கள். முதல் தடவை சிஸ்டர் பக்கத்தில் இருப்பார். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், ஏனென்றால் எடுத்து வைப்பதே அவளுக்கு ஒரு அலைச்சல், அடங்கித் தூங்கவே கொஞ்ச நேரமாகும். ட்யூபில் பால் கொடுப்பதும் அந்த நிலையிலேயே நடக்கும்.

அவள் அப்பாவும் இதைச் செய்யலாம். அவர் கேட்க வெட்கப்பட்டு வெளியே மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருப்பார், பெரும்பாலான அப்பாக்கள் அப்படித்தான். நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் மார்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மார்பில் வைக்க விடும்வரை, இன்குபேட்டரின் ஜன்னல் வழியாகக் கை விட அனுமதி கேளுங்கள். இங்கே ஒரு விஷயம் கவனம். நாம் எல்லோரும் பிஞ்சுக் குழந்தையைக் கண்டால் விரல் நுனியால் வருடுவோம். குறைமாதக் குழந்தையின் தோலுக்கு அந்த வருடல் கூச்சமும் எரிச்சலும்தான். அதற்குப் பதில் உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையால் தலையை மூடினாற்போலவும் மறு கையால் மடங்கிய கால்களையும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருந்தாலும் போதும். கையை எடுக்கும்போதும் ஒரு கை முதலில், மற்றது மெதுவாக.

இன்டர்நெட்டில் இதைச் செய், அதைக் காட்டு என்று நிறையச் சொல்கிறார்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கச் சொல்பவர்கள் குறைவு. இந்த வயதிலேயே அவள் பேசுகிறாள். விரல்களை விரித்துக் கையை முன்னால் நீட்டுவது, விக்கல், அடுத்தடுத்துத் தும்மல், கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, நிறம் மங்குவது அல்லது திட்டுத்திட்டாகச் சிவப்பது, இதெல்லாம் பெரும்பாலும் "போதும்" என்று அர்த்தம். பேசிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், கையை அசைக்காமல் வையுங்கள். அப்புறம் கை வாய்ப் பக்கம் போவது, முகம் தளர்ந்து இருப்பது, கண் திறந்து ஒரு கணம் உங்கள் பக்கம் நிற்பது, உங்கள் விரலைப் பற்றுவது, இதெல்லாம் "இருங்கள்" என்று அர்த்தம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு பாஷை. நாங்கள் எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் மாறிவிடுவோம். இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்குத்தான் அவள் குழந்தையின் பாஷை முழுதாகப் பிடிபடும். "இன்றைக்கு அவள் என்னவோ மாதிரி இருக்கிறாள்" என்று ஓர் அம்மா சொன்னால் நான் உடனே போய்ப் பார்த்துவிடுவேன், மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும்.

இதை வைத்து உங்கள் மற்றக் கேள்விகளைப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம் இப்போது வேண்டவே வேண்டாம். புலன்களில் கடைசியாகப் பக்குவப்படுவது பார்வை. கருவில் இருந்ததையும் சேர்த்தால் அவளுக்கு இப்போது சுமார் 33 வாரம், அந்த வயதுக்கு இயல்பான இடம் இருட்டான கருப்பை. அவளுக்கு இப்போது தேவை மங்கலான வெளிச்சமும் கலைக்கப்படாத தூக்கமும், அந்தத் தூக்கத்தில்தான் மூளை வளர்கிறது. நாள் கணக்கில் பாட்டு ஓடவிடுவதும் தேவையில்லை. இந்தப் பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. இன்குபேட்டர் மேல் பால் கிண்ணத்தை வைத்தாலே உள்ளே அது பெரிய சத்தம். செல்போனை உள்ளே வைத்துத் தாலாட்டு ஓடவிடுவதைவிட நீங்கள் அவள் அருகே மெல்லிய குரலில் பேசுவது, பாடுவது மேல். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 36 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 32 வார அளவில் பெரியவர்களின் பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகள் ஒன்றரை வயதில் மொழிச் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். சின்ன ஆய்வு, இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பேசுவதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், காலையில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் அவள் பெயரைக் கூப்பிடுங்கள்.

மசாஜ் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். 1986இல் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர், 40 குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை மிதமான அழுத்தத்தோடு மசாஜ் கொடுத்தார். அவர்கள் எடை 47 சதவீதம் வேகமாகக் கூடியது. அந்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், எடை கூடுவது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எல்லோரும் நிலைமை சீராகி எடை மட்டும் ஏற வேண்டிய கட்டத்தில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. என் கருத்து, உங்கள் மகளுக்கு இப்போதைக்கு மார்புச் சூடு போதும். மசாஜை டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்தில் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம்.

எண்ணெய் பற்றிப் பாட்டி சொல்வதில் பாதி சரி. 2005இல் வங்கதேசத்தின் டாக்காவில், குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் ரத்தத் தொற்று கணிசமாகக் குறைந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வழியாக நீர் ஆவியாவது குறைகிறது என்று இந்திய ஆய்வுகள் சொல்கின்றன. மருத்துவர் சரி என்றால் சுத்தமான தேங்காய் எண்ணெயை மெதுவாகப் பூசலாம். கடுகெண்ணெய் வேண்டாம். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து, குப்புறப் போட்டு, தலைக்கு வெந்நீர் ஊற்றி, மூக்கைப் பிடித்துவிட்டு, காதில் ஊதி, சாம்பிராணிப் புகை போடுகிற குளியல் இந்தக் குழந்தைக்கு ஆபத்து. சூடு இறங்கிவிடும், மூச்சு நிற்கலாம், புகை அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. இரண்டரை கிலோ வரும்வரை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும் என்றுதான் நாங்கள் சொல்லி அனுப்புவோம். சேனை வைப்பது, தேன், கழுதைப் பால், வசம்பு, உரை மருந்து எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கண்ணுக்குள் மை கூடாது, திருஷ்டிப் பொட்டு வேண்டுமானால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளட்டும். பாட்டியிடம் இதையெல்லாம் கூடாது கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கங்காரு பராமரிப்பைப் பாட்டியும் கொடுக்கலாம். ஒரு தடவை மார்பில் வைத்துத் தூங்கவைத்த பாட்டி, பிறகு யார் குழந்தையைக் குளிர்ந்த கையால் தொட்டாலும் விடமாட்டார்கள்.

பால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அவளுக்காக வேறு யாராலும் செய்ய முடியாத வேலை அது. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடுதலாக இருக்கும். குடல் அழுகும் ஒரு கொடிய நோயிலிருந்து இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுவதில் தாய்ப்பாலுக்கு நிகரில்லை, இது உறுதியான விஷயம். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, இரவிலும் ஒரு முறை சேர்த்து, பீய்ச்சி எடுங்கள். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தோ கங்காரு பராமரிப்பு முடிந்த கையோடோ எடுத்தால் அதிகம் வரும். பால் குறைவாக இருந்தால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவது மூன்றும் ஒத்து வருவது சுமார் 34 வாரத்தில்தான். அதுவரை ட்யூப், பிறகு பாலாடை, அப்புறம் நேரடியாக மார்பு என்று போகும். அதற்கு முன்பே, பால் எடுத்து முடித்த மார்பில் அவள் வாயை வைத்து நக்கவும் சப்பவும் விடலாம். வயிறு நிறையாது, ஆனால் வாய் பழகும்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தில் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். அவளுக்கு இரண்டு வயது வரும்வரை வளர்ச்சியைத் திருத்திய வயதில் கணக்கிடுங்கள். பத்து வாரம் முன்னால் பிறந்ததால் பத்து வாரத்தைக் கழித்துவிட வேண்டும். முகம் பார்த்துச் சிரிப்பது நிறைமாதக் குழந்தைக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும். உங்கள் மகளுக்கு அது நாலு மாதம் வாக்கில்தான். அதுவரை அவள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் அடையாளம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதியை வைத்துத்தான், அதற்குக் கழிக்கக் கூடாது. ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மைதான்.

வளர்ச்சியில் பின்னடைவு வருமா என்று யாராலும் இப்போதே சொல்ல முடியாது. 30 வாரத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாக வளர்கிறார்கள், சிலருக்குக் கை கால் இறுக்கமோ, பேச்சு தாமதமோ, பின்னால் பள்ளியில் கவனக் குறைவோ வருகிறது. அதனால்தான் டிஸ்சார்ஜுக்குப் பிறகான செக்கப்புகளை விடக் கூடாது. ஏதாவது தாமதம் தெரிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிட்டுப் போவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். வரும் வழியிலும் மார்போடு அணைத்தபடியே கொண்டுவாருங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் ஒரு நோய் வரலாம். வெளியில் பார்த்தால் கண் நன்றாகவே தெரியும், அழுகையும் சிவப்பும் எதுவும் இருக்காது, கண்டுபிடிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். நேரத்தில் பிடித்தால் லேசரோ ஊசியோ போட்டுக் காப்பாற்றலாம். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரை நிபுணர் முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு இன்றோடு 19 நாள் ஆகிவிட்டது. கண் பரிசோதனை எந்தத் தேதியில், யார் செய்கிறார்கள் என்று நாளைக்கே கேட்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். முதல் தடவை சரியாக இருந்தது என்று விட்டுவிடாமல், விழித்திரை முழுதாக வளர்ந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை அவர் கூப்பிடுகிற தேதியில் எல்லாம் கொண்டுபோங்கள். காது கேட்கும் திறனுக்கான பேரா பரிசோதனையையும் அதே பக்கத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.